கடலோர வீட்டுக்காரர் சங்கத்தில் பத்து ஆண்டுகள்

புதுச்சேரியில் கடலோரத்தில் வீடு என்று சொன்னால் வெளியூர் நண்பர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். அவர்கள் மனதில் ஓடுவது காந்தி சிலை, மஞ்சள் சுவர், காகிதப்பூ. அந்த இடம் வேறு, நாங்கள் குடியிருக்கும் இடம் வேறு. எங்களுடையது நகரத்துக்கு வடக்கே, கடலுக்கு இணையாக நான்கு வரிசையில் பிரித்த சாதாரண மனைப்பிரிவு. மொத்தம் 96 மனைகள். அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள், மில் தொழிலாளிகள், பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் சில குடும்பங்கள் என்று எல்லோரும் கடன் வாங்கிக் கட்டிய வீடுகள். என் வீடு மூன்றாவது வரிசை.

கடல் காற்று உடம்புக்கு நல்லது என்பார்கள். இரும்புக்கு நல்லதில்லை. ஜன்னல் கம்பி, கேட் கீல், ஃபிரிட்ஜின் பின்பக்கம், மின்விசிறி என்று எதையும் உப்பு விட்டுவைப்பதில்லை. கூரைக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து ஊதினால் கான்கிரீட் பெயர்ந்து தலையில் விழும். இதெல்லாம் அவரவர் வீட்டுப் பிரச்சினை, அவரவர் செலவு. ஆனால் தெருவிளக்குக் கம்பம் துருப்பிடித்துச் சாய்ந்தால் அது யார் பிரச்சினை? மழைத்தண்ணீர் வாய்க்காலுக்குள் கடல் மணல் ஏறி அடைத்துக்கொண்டால்? ஒருவர் கிணற்றில் உப்பு ஏறிய பிறகும் பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் ஆழமாக ஆழ்துளைக் கிணறு போட்டால்? இந்தக் கேள்விகளுக்காகத்தான் எங்கள் வீட்டு உரிமையாளர் சங்கம் 1996ல் பிறந்தது.

ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்யலாம். 1860ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பதிவு செய்வது சுலபம். வருடா வருடம் பொதுக்குழு கூட்டி, நிர்வாகிகள் பட்டியலைப் பதிவாளருக்கு அனுப்பி, வரவு செலவைக் காட்டி, சந்தா வசூலித்து உயிரோடு வைத்திருப்பதுதான் கஷ்டம். எங்கள் சங்கமும் சில ஆண்டுகள் தூங்கியே கிடந்தது. 2011ல் நான் ஓய்வு பெற்று ஓராண்டு ஆகியிருந்தது. "ஆபீஸ் வேலை தெரிஞ்சவரு, வீட்ல சும்மாதான் இருக்கீங்க சார்" என்று சொல்லி என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். ஓய்வு பெற்ற குமாஸ்தாக்கள் இப்படித்தான் பொதுவாழ்க்கைக்கு வருகிறார்கள்.

அந்த ஆண்டு இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று, நகராட்சி கவுன்சிலர்களின் பதவிக்காலம் முடிந்தது. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் என்பது அபூர்வ நிகழ்ச்சி. 1968ல் ஒரு தடவை நடந்தது. அப்போது வாக்களிக்க 21 வயது வேண்டும், எனக்குப் பதினெட்டு. அடுத்தது 2006ல் நடந்தது. அப்போது எனக்கு 56. வாழ்நாளில் ஒரே ஒரு முறை எங்கள் வார்டுக்குக் கவுன்சிலரைத் தேர்ந்தெடுத்தேன். 2011க்குப் பிறகு கவுன்சிலர் என்று போய் நிற்க ஆளில்லை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் கொம்யூனுக்கு ஒரு மேர் இருந்தார். எங்கள் தாத்தா தெருவில் தண்ணீர் நின்றால் மேரைப் பார்க்கப் போவாராம். பேரன் காலத்தில் மனு எழுதி, தபால் பிரிவில் கொடுத்து, முத்திரை வைத்த நகலை வாங்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது. சங்கத்துக்கு வேலை கூடியது அதனால்தான்.

இரண்டாவது தானே புயல். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் கடலூருக்கும் எங்களுக்கும் நடுவில் கரையேறியது. மரங்களும் மின்கம்பங்களும் சேர்ந்தே விழுந்தன. பல நாட்கள் மின்சாரம் இல்லை, மின்சாரம் இல்லாததால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லாததால் தண்ணீர் இல்லை. வாடகைக்கு ஒரு ஜெனரேட்டர் எடுத்து, தெருத்தெருவாகக் கொண்டுபோய், வீட்டுக்கு அரை மணி நேரம் என்று மோட்டார் ஓட்டினோம். சந்தா பாக்கி வைத்திருந்தவர்களின் வீட்டுக்கும் ஓட்டினோம். பொருளாளர் முகம் சுளித்தார். ஆனால் அடுத்த மாதம் வந்த பாக்கித்தொகை ஏழு வருடத்தில் வராதது.

இங்கே என் படிப்பைப் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டும். நான் படித்தது பிரெஞ்சு வழியில். பள்ளியில் 'திக்தே' என்று ஒன்று உண்டு. வாத்தியார் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். ஒரு பிழைக்கு நான்கு மதிப்பெண் போகும். ஐந்து பிழை என்றால் இருபதுக்குப் பூஜ்யம். சொன்னதைச் சொன்னபடி எழுதும் பழக்கம் அங்கே வந்தது. பிறகு அரசு வேலையில் எனக்குக் கிடைத்த மேசையும் அதற்கேற்றதுதான். பழைய நொத்தேர் பத்திரங்களையும் கதாஸ்தர் பதிவேடுகளையும் படித்து அதிகாரிகளுக்குச் சாரம் எழுதித் தருவது. பிரெஞ்சு தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற, கடைசியில் எங்கள் பிரிவில் நான் ஒருவன்தான் மிச்சம்.

சங்கத்தில் இந்த இரண்டும் உதவின. கூட்டத்தில் யார் என்ன சொன்னாரோ அதை அன்றே எழுதி, எழுந்து நின்று வாசித்துக்காட்டி, கையெழுத்து வாங்குவேன். நல்ல ஏற்பாடு. அடுத்த கூட்டத்தில் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று யாரும் ஆரம்பிக்க முடியாது. கூட்டக் குறிப்புக்கு பிரெஞ்சில் 'ப்ரொசே வெர்பால்' என்று பெயர். போலீஸ்காரர் எழுதும் அபராதச் சீட்டுக்கும் அதே பெயர்தான். எங்கள் உறுப்பினர்கள் சிலர் இரண்டாவது அர்த்தத்தில்தான் எடுத்துக்கொண்டார்கள்.

சங்கத்தின் அன்றாட வேலைகளை வரிசையாகச் சொல்லி உங்களைத் தூங்க வைக்கப் போவதில்லை. எந்த ஊர்ச் சங்கத்திலும் நாய், குப்பை, பார்க்கிங் உண்டு. கடலோரச் சங்கத்துக்கே உரிய ஒன்றைச் சொல்கிறேன். அது கல்.

எங்கள் கடற்கரையில் மணல் ஓர் இடத்தில் நிற்பதில்லை. வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். வாடைக்காற்று அடிக்கும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் அது திரும்பும். கணக்குப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் கரைகள் நீட்டினார்கள். தெற்கிலிருந்து வந்த மணல் அங்கே தடுக்கப்பட்டுத் தெற்குப் பக்கம் குவிந்தது. வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை. அலை மட்டும் வழக்கம்போல வந்து, இருந்ததை எடுத்துக்கொண்டு போனது. நான் சிறுவனாக விளையாடிய நகரக் கடற்கரை இப்படித்தான் மறைந்து, கருங்கல் குவியல் ஆனது. தேங்கும் மணலை எடுத்து வடக்கே கொண்டுவந்து போட வேண்டும் என்பது துறைமுகத் திட்டத்திலேயே இருந்தது. அது தொடர்ந்து நடக்கவில்லை.

கல் போட்ட இடத்தில் சாலை தப்பிக்கும். ஆனால் கல் போட்ட இடத்துக்கு அடுத்த வடக்குப் பகுதியில் அரிப்பு கூடும். அங்கேயும் கல் போட்டால் அதற்கடுத்த ஊர். இப்படியே நகர்ந்து நகர்ந்து, மாநில எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கத்து தந்திராயன்குப்பம் வரை வீடுகள் கடலில் விழுந்தன. மணலுக்கு யூனியன் பிரதேசம் எது, தமிழ்நாடு எது என்று தெரியாது.

2016ஆம் ஆண்டு எங்கள் முறை வந்தது. முதல் வரிசை வீடுகளுக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த மணல் பாதியாகச் சுருங்கிவிட்டது. முதல் வரிசைக்காரர்கள் கையெழுத்துப் போட்டு ஒரு தீர்மானம் கொடுத்தார்கள். எங்கள் நகர் முகப்பில் உடனே கல் கொட்ட அரசைக் கேட்க வேண்டும், மனைக்கு இவ்வளவு என்று சிறப்பு நிதி வசூலித்து முதலில் கொஞ்சம் கல்லை நாமே இறக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

அவர்கள் பயம் நியாயமானது. 1991 பிப்ரவரியில் வந்த கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையிலிருந்தே உயர் அலைக் கோட்டுக்கு அருகில் கட்டடம் கட்ட ஆயிரம் கட்டுப்பாடு. முதல் வரிசையில் வீடு போனால் அதே இடத்தில் திரும்பக் கட்டுவது கனவு. வங்கிக் கடனும் கிடைக்காது. அந்த வரிசையில் மூத்தவர் ஒரு சொல்தா. எங்கள் ஊரில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை அப்படித்தான் சொல்வோம். வாழ்நாள் சம்பாத்தியத்தை அந்த வீட்டில்தான் போட்டிருந்தார்.

எங்களுக்கு வடக்கே, இருநூறு அடி தள்ளி ஒரு மீனவர் குப்பம். அவர்களுக்கு எங்கள் சங்கத்தில் இடமில்லை. விதிப்படி பத்திரம் உள்ளவர்தான் உறுப்பினர். அவர்களில் பலருக்குப் பட்டாவே கிடையாது. பொதுக்குழுவுக்கு ஒரு வாரம் முன்பு ஊர்ப் பஞ்சாயத்தார் மூன்று பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். நாற்காலியில் உட்காரச் சொன்னேன். பெரியவர் மட்டும் உட்கார்ந்தார்.

"நீங்க கல்லு போடப்போறீங்கன்னு கேள்விப்பட்டோம் சார். போட்டா எங்க கரை போயிடும். போட்ட எங்க ஏத்தி வைக்கிறது, வலைய எங்க காய வைக்கிறது? உங்களுக்கு வீடு போனாத்தான் போச்சு. எங்களுக்குக் கரை போனாலே தொழில் போச்சு."

"தீர்மானம் இன்னும் நிறைவேறலை ஐயா. கூட்டத்துல பேசித்தான் முடிவு பண்ணுவாங்க" என்றேன்.

"கூட்டத்துல எங்களுக்குக் கையத் தூக்க முடியாதே சார்" என்றார் அவர்.

அன்று இரவு எனக்கு ஞாபகம் வந்தது அலுவலகத்தில் பல முறை சாரம் எழுதிய ஒரு விஷயம். 1804ஆம் ஆண்டு நெப்போலியன் காலத்து சிவில் சட்டத்தில் 640ஆவது பிரிவு. மேட்டு நிலத்திலிருந்து மனிதர் கைபடாமல் இயல்பாக வரும் தண்ணீரைப் பள்ள நிலத்துக்காரர் ஏற்றுக்கொள்ள வேண்டும், அணை போட்டுத் தடுக்கக்கூடாது. அதே சமயம் மேட்டு நிலத்துக்காரரும் பள்ள நிலத்தின் சுமையைக் கூட்டுகிற எதையும் செய்யக்கூடாது. பழைய பத்திரங்களில் வாய்க்கால் தகராறு வந்தாலே இந்தப் பிரிவு எட்டிப் பார்க்கும். எங்கள் மேற்கே புது மனைப்பிரிவுக்காரர்கள் சாலையை இரண்டடி உயர்த்தி மழைத்தண்ணீரை எங்கள் மேல் திருப்பிவிட்டபோது, நாங்கள் எழுதிய மனுவில் இதே நியாயத்தைத்தான் சொல்லியிருந்தோம். எங்களுக்கு மேலே இருப்பவரிடம் கேட்ட நியாயத்தை எங்களுக்குக் கீழே இருப்பவருக்குக் கொடுக்காமல் இருப்பது எப்படி? தண்ணீருக்கு மேற்கு மேடு என்றால் மணலுக்குத் தெற்கு மேடு. குப்பத்துக்கு நாங்கள்தான் மேட்டு நிலம்.

பொதுக்குழு ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்தது. 59 உறுப்பினர்கள் வந்திருந்தார்கள், சங்க சரித்திரத்தில் அதுதான் அதிகம். செயற்குழு ஒப்புதலோடு குப்பத்துப் பெரியவரைப் பார்வையாளராக அழைத்துப் பத்து நிமிடம் பேச விட்டோம். பிறகு நான் ஒரு மாற்றுத் தீர்மானம் வைத்தேன். கல் கேட்க வேண்டாம். துறைமுகத்தில் தேங்கும் மணலை வடக்கே கொண்டுவரச் சொல்லிக் கேட்போம். அந்த மனுவில் குப்பத்தாரும் நம்மோடு கையெழுத்துப் போடட்டும். சிறப்பு நிதி வசூலிப்போம், ஆனால் அதை முதல் வரிசை வீடுகளின் சேதத்துக்கு வைத்திருப்போம். பின்வரிசைக்காரர்களும் கட்ட வேண்டும்.

கடைசி வாக்கியம்தான் எல்லோரையும் எழுப்பிவிட்டது. நான்காவது வரிசைக்காரர் ஒருவர், "கடலைப் பார்த்து வீடு வேணும்னு அதிக விலை கொடுத்தது அவங்க. நான் ஏன் கட்டணும்?" என்றார். நானும் கேட்டேன். "முதல் வரிசை போன அப்புறம் எது முதல் வரிசை?" அவர் உட்கார்ந்தார். ஆனால் சமாதானம் ஆகவில்லை.

சொல்தா எழுந்தார். எல்லோருக்கும் தமிழில் பேசிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து மட்டும் பிரெஞ்சில் தொடங்கினார். கோபம் வந்தால் அவருக்கு அப்படித்தான். "முசியே, அலை வந்து என் சுவரை இடிக்கும்போது உங்கள் 640 வந்து கட்டிக்கொடுக்குமா?"

கட்டிக்கொடுக்காதுதான். நான் அதை மறுக்கவில்லை. அவர் கேள்வியைத் தமிழாக்கி, அப்படியே எழுதி வாசித்தேன். கைதூக்கி எண்ணியபோது மாற்றுத் தீர்மானத்துக்கு ஆதரவு 38, எதிர்ப்பு 21. எதிர்த்தவர்களில் முதல் வரிசைக்காரர்கள் அனைவரும் இருந்தார்கள். இரண்டு பேர் அன்றே சங்கத்திலிருந்து விலகல் கடிதம் கொடுத்தார்கள். ஒருவர் தெருவில் என்னைப் பார்த்தால் இன்றுவரை முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

மனுவின் கதையைக் கேட்பீர்கள். நாங்களும் குப்பத்தாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். "பரிசீலனையில் உள்ளது" என்ற பதில் ஐந்து முறை வந்தது. ஐந்தையும் கோப்பில் வைத்திருக்கிறேன். முதல் வரிசைக்காரர்கள் தனியாகவும் முயன்றார்கள், அது அவர்கள் உரிமை. மூன்று ஆண்டு கழித்து அரசே எங்கள் பகுதியில் கொஞ்ச தூரத்துக்குக் கல் கொட்டியது. குப்பத்தின் கரை பெரியவர் சொன்னபடியே குறுகியது. இதற்கிடையில் 2018ல் தலைமைச் செயலகத்துக்கு அருகே, தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் வடிவமைப்பில், நீருக்கடியில் ஒரு செயற்கைத் திட்டு அமைத்தார்கள். அங்கே மணல் திரும்பி வந்து, மக்கள் மறுபடி காலை நனைக்கிறார்கள். கல்லைத் தவிர வேறு வழியும் உண்டு என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

கல் வருவதற்கு முந்தைய டிசம்பரில் சொல்தாவின் கிழக்குச் சுற்றுச்சுவர் ஒரே இரவில் சரிந்தது. சிறப்பு நிதியிலிருந்து பணம் கொடுத்தோம். இடிபாடுகளை அகற்ற வெளி ஆள் வருவதற்குள் குப்பத்து இளைஞர்கள் போட்டு இழுக்கும் டிராக்டரைக் கொண்டுவந்து இழுத்துப் போட்டார்கள். டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டார்கள். சொல்தா ரசீதில் கையெழுத்துப் போட்டார். என் தீர்மானம் சரி என்று அவர் சொல்லவில்லை, கடைசிவரை சொல்லவும் இல்லை. ஆனால் ஆண்டு சந்தாவை ஜனவரி முதல் வாரமே கட்டுகிற ஒரே உறுப்பினர் அவர்தான்.

குப்பத்தில் கரை குறுகியதும் போட்டு நிறுத்த இடமில்லாமல் போனது. எங்கள் முதல் வரிசையின் வடகோடியில் ஒரு காலி மனை. சொந்தக்காரர் பிரான்சில் இருக்கிறார். கட்ட அனுமதி கிடைக்காமல் முள் மண்டிக் கிடந்தது. அவர் எனக்கு அவ்வப்போது போன் செய்து, "நான் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட எடுப்பதில்லையே, எனக்கு எதற்குச் சந்தா?" என்பார். ஆக்கிரமிப்பு ஆகாமல் பார்த்துக்கொள்வதற்கு என்பேன். இந்த முறை நான் போன் செய்தேன். ஏழு போட்டுகளை அங்கே நிறுத்த அனுமதி தருவாரா என்று கேட்டேன். இரண்டு நாள் யோசித்து, எழுத்தில் எல்லாம் சரியாக இருந்தால் சம்மதம் என்றார்.

நாற்பது வருடம் பழகிய வேலை அதுதானே. ஓராண்டுக்கு மட்டும் அனுமதி, வாடகை இல்லை, குத்தகை உரிமை எதுவும் உண்டாகாது, கொட்டகை போடக்கூடாது, முள்ளை வெட்டி மனையைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டியது குப்பத்தார் பொறுப்பு, சொந்தக்காரர் கேட்டால் ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும் என்று தமிழில் ஒன்று, பிரெஞ்சில் ஒன்று எழுதினேன். பஞ்சாயத்தார் வாசிக்கச் சொல்லிக் கேட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். இதற்கும் சங்கத்தில் எதிர்ப்பு இருந்தது. மீன் நாற்றம், மனை விலை குறையும் என்றெல்லாம் சொன்னார்கள். இரண்டாவது வரிசையில் ஒரு அம்மாள், "கடற்கரையில வீடு வாங்கிட்டு மீன் வாசனை வேண்டாம்னா எப்படி?" என்று கேட்டதும் பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள்.

2021ல் எழுபது வயது கடந்ததும் பொறுப்பை ஒப்படைத்தேன். புதுச் செயலாளர் வங்கியில் வேலை பார்க்கும் பெண், என் மகள் வயது. மினிட் புத்தகங்கள், ரசீதுக் கட்டுகள், முத்திரை வாங்கிய மனு நகல்கள் எல்லாவற்றையும் பட்டியல் போட்டுக் கொடுத்தேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயலில், 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டி, எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அப்போது வீட்டுக்கு வீடு யார் தனியாக இருக்கிறார்கள், யாருக்கு என்ன மருந்து வேண்டும் என்ற பட்டியல் அவர் கையில் தயாராக இருந்தது. என் காலத்தில் அப்படி ஒரு பட்டியல் கிடையாது. மேற்கேயிருந்து வரும் தண்ணீருக்கான மனுவை அவர் இப்போது தொடர்கிறார்.

காலி மனை அனுமதிக் கடிதம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. பிரெஞ்சுப் பிரதியை மட்டும் இன்னும் நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். ஏழு போட்டு இப்போது ஒன்பது ஆகியிருக்கிறது. கடிதத்தில் ஏழு என்றுதானே இருக்கிறது என்று ஓர் உறுப்பினர் எழுத்துமூலம் ஆட்சேபம் கொடுத்திருக்கிறார். அவர் சொல்வது சரிதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை செயற்குழு கூடுகிறது. பஞ்சாயத்தாரையும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.